ஒரு வீதியோரச் செடிக்கு மாட்டின் பெயர் வந்த விதம்

என் பிரியாவிடைத் தேநீரன்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழும்பி "நன்றி" என்றேன். பிறகு தட்டுகளைக் கழுவப் போகிறவள் மாதிரி உள்ளே போய்விட்டேன். அங்கே கழுவுவதற்கு ஒரு தட்டும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்கனவே கழுவி அடுக்கிவிட்டிருந்தார்கள். நான் வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அது உங்கள் இருவருக்கும் தெரியும், ஏனென்றால் நீங்கள்தான் வந்து குழாயைப் பூட்டினீர்கள். மிச்சம் மூன்று வார்த்தையையும் இதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

நீங்கள் இருவரும் பட்டம் எடுத்துவிட்டு என் இடத்துக்கு, தாவரவியல் பகுதியின் இந்த அறைக்கு வந்திருக்கிறீர்கள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். கையெழுத்து வடிவாக இருந்ததால் எடுத்தார்கள். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது, கீழ் மூலையில் ஒட்டும் துண்டில் பெயர், ஊர், திகதி, சேகரித்தவர், உள்ளூர்ப் பெயர், அதைச் சொன்னவர் என்று எழுதுவது, அலுமாரியில் அடுக்குவது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இதுதான் என் வேலை. ஒட்டுவது எப்படி, பூச்சி வராமல் காப்பது எப்படி என்பதெல்லாம் அலுமாரிக்கு மேலே உள்ள புத்தகத்தில் இருக்கிறது. நான் அதில் இல்லாததைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் வருடம் நான் ஒரு கட்டுத் தாள்களில் இடம் என்ற கோட்டுக்கு நேரே "வீதியோரம்" என்று மட்டும் எழுதி வைத்தேன். எங்கள் பகுதித் தலைவர், நாங்கள் பெரிய சேர் என்று சொல்பவர், ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீதி எங்கையிருந்து எங்கை போகுது, பிள்ளை?" என்று கேட்டார். மறுநாள் என்னைச் சேகரித்த மாணவர்களோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். ஒவ்வொரு செடியும் நின்ற இடத்தை நேரே பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார். பாதி இடங்களில் செடியை ஆடு தின்றுவிட்டிருந்தது. அன்று முதல் நான் இடத்தை எந்தத் தெரு, எந்தச் சின்ன ஒழுங்கை என்பது வரைக்கும் எழுதுவேன். அந்தப் பிழை சுகமான பிழை. பஸ்ஸில் ஏறினால் திருத்தலாம். இனிச் சொல்லப்போவது அப்படி இல்லை.

நீங்கள் வந்த முதல் நாள், வாசல் மதிலோரம் நின்ற மஞ்சள் பூச் செடியைத் தொலைபேசியில் படம் எடுத்துப் பெயர் பார்த்தீர்கள். ஒரு தொலைபேசி ஒன்று சொன்னது, மற்றது வேறொன்று சொன்னது. யார் சரி என்று பார்க்க மூன்றாவது தொலைபேசியைத் தேடினீர்கள். செடி பக்கத்திலேயே நின்றது. நான் சிரித்தேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அந்தச் செடியால் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் போனது. போக்கியவள் நான்.

புத்தகத்தில் அதற்குப் பெயர் நாய்வேளை. மழைக்குப் பிறகு வீதியோரம் எங்கும் நிற்கும். தொட்டால் கை பிசுபிசுக்கும், மணமும் நல்லதில்லை. அதற்கு ஒரு சகோதரம் இருக்கிறது. வெள்ளைப் பூப் பூக்கும் வேளை. அதைக் கீரையாகச் சமைக்கிறோம். பூக்காத காலத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இலை ஒரே சாடை. காய்களும் கடுகுக் காய் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அறிவியலும் இரண்டையும் ஒரே குடும்பத்துக்குள், ஒரே வகைக்குள்தான் வைத்தது.

அந்தக் காலத்தில் பெரிய சேர் வீதியோரச் செடிகளின் உள்ளூர்ப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் உரும்பிராய்க்குப் போனோம். உரும்பிராய் என் ஊர். போனது என் வீட்டுக்குப் போகும் அதே ஒழுங்கை. இருபது மாணவர்கள் கொப்பியும் பேனையுமாக நின்றார்கள். ஒழுங்கைக் கரையில் இந்தச் செடி நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற துரையண்ணையிடம் சேர் பெயர் கேட்டார். துரையண்ணை செடியைப் பார்த்தார். மாணவிகளைப் பார்த்தார். "அது சும்மா பூண்டு, சேர்" என்று சொல்லிவிட்டு வாய்க்காலை வெட்டப் போய்விட்டார். சேர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் இந்த ஊர்தானே. என்னெண்டு சொல்லுறனீங்கள்?"

எங்கள் ஒழுங்கையில் அதைக் குசுவேளை என்று சொல்வோம். கசக்கினால் வரும் மணத்துக்காக வைத்த பெயர். சின்னனில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிவிட்டு ஓடுவோம். வளர்ந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வேறு பெயர் கிடையாது. ஆனால் இருபது கொப்பி திறந்திருந்தது. சேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் காது சுட்டது. அந்த நேரம் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து எங்கள் பசு கத்தியது. செம்மஞ்சள் நிறப் பசு.

"பொன்னாச்சி, சேர்" என்றேன்.

அது பசுவின் பெயர்.

எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம், அது அவர்களுக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்பதுதான். இருபது பேனையும் ஒரே நேரத்தில் எழுதின. சேர் பூவைக் கையில் எடுத்து, பொன் நிறம், அதனால் பொன், ஆச்சி என்பது மரியாதை, நம் மக்கள் ஒரு களைக்குக்கூட மரியாதை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று அங்கேயே ஒரு பாடம் நடத்தினார். துரையண்ணை வாய்க்காலுக்குள் குனிந்தபடி நின்றார். நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

திரும்பி வந்து அந்தத் தாளுக்குத் துண்டு எழுதியதும் நான்தான். உள்ளூர்ப் பெயர் பொன்னாச்சி. இடம் உரும்பிராய், இன்ன ஒழுங்கை. சொன்னவர் என்ற கோட்டில் என் பெயர். மிக வடிவாக எழுதினேன். பிழையை வடிவாக எழுதினால் அது இன்னும் உண்மை மாதிரித் தெரியும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. பெரிய சேர் வெளியிட்ட சின்னப் புத்தகத்திலும் பொன்னாச்சிக்கு இரண்டு பக்கம் வந்தது.

அதோடு முடிந்தது என்றிருந்தேன். பல வருடம் கழித்து ஒரு மிஸ் ஆராய்ச்சிக்கு வந்தா. தற்காலிக விரிவுரையாளர். கெட்டிக்காரி, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவா. எங்கள் வலிகாமத்து ஊர்ச் சனங்கள் களைகளை எப்படி இனம் பிரிக்கிறார்கள், எதை எதோடு சேர்க்கிறார்கள் என்பது அவவின் விஷயம். ஆராய்ச்சியை ஒப்படைத்தால்தான் நிரந்தர இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப முடிவு திகதியும் அந்த வருடக் கடைசியில் வரவிருந்தது.

மிஸ் என் தாள்களையெல்லாம் இறக்கிப் பார்த்தா. பொன்னாச்சியில் நின்றுவிட்டா. பிறகு கொப்பியோடு ஊர் ஊராகப் போய் அந்தச் செடியைக் காட்டிக் கேட்டா. வட்டுக்கோட்டையில் தெரியாது என்றார்கள். கோப்பாயில் தெரியாது. குருநகரில் வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, தெரியாது பிள்ளை என்றார்கள். உரும்பிராயில் மட்டும்தான் பெயர் கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் மிஸ் சந்தித்தது என் மச்சாளை, அண்ணையின் மனைவியை. இதைப் பொன்னாச்சி என்றா சொல்கிறீர்கள் என்று மிஸ் கேட்க, மச்சாள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஓம், ஆதியிலிருந்து அப்படித்தான் என்றாவாம்.

மிஸ்ஸின் ஓட்டோ ஒழுங்கையைத் தாண்டுவதற்கு முன்பே எனக்குத் தொலைபேசி வந்தது.

"எடி, எங்கடை மாட்டுக்கும் உந்தக் குசுவேளைக்கும் என்னடி சொந்தம்?"

நான் நடந்ததைச் சொன்னேன். மச்சாள் சிரித்துச் சிரித்து இருமினா. அன்று பின்னேரம் நான் சைக்கிளில் ஒழுங்கைக்குள் திரும்ப, வேலிக்கு மேலால் யாரோ "பொன்னாச்சி வாறா" என்றார்கள். அதற்குப் பிறகு ஒழுங்கை முழுக்க அதுதான். செடியைக் கண்டாலும் பொன்னாச்சி, என்னைக் கண்டாலும் பொன்னாச்சி.

அன்றைக்கே நான் மிஸ்ஸிடம் சொல்லியிருக்கவேண்டும். நாளைக்குச் சொல்வோம் என்று வைத்தேன். மறுநாள் மிஸ் களைத்துப்போய் வந்தா. அதற்கடுத்த நாள் சந்தோஷமாக வந்தா, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அப்படியே மாதங்கள் ஓடின. வெட்கப்படுகிறவர்களுக்கு எல்லா நாளும் சரியில்லாத நாள்தான். இதை உங்களில் ஒருவருக்காகத்தான் எழுதுகிறேன். யார் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்கும்போதெல்லாம் பேனை மூடியைக் கடிக்கிறவர்.

ஒப்படைக்க நான்கு நாள் இருக்கும்போது மிஸ் எங்கள் அறைக்கு வந்து, பேசிப் பழகவேண்டும், கேட்டுக்கொண்டிருங்கோ அக்கா என்றா. அறையில் நானும் அலுமாரிகளும்தான். மிஸ் எழும்பி நின்று, சபை இருப்பது மாதிரிப் பேசத் தொடங்கினா. அதுவரை அவவின் ஆராய்ச்சியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஓர் அதிகாரம் முழுக்க அவ சொன்னது இதுதான். அறிவியல் இந்த இரண்டு செடியையும் சகோதரங்கள் என்கிறது. ஊர்ச் சனங்களோ ஒன்றுக்கு வேளை என்றும் மற்றதற்கு ஒட்டே இல்லாமல் பொன்னாச்சி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் பெயரே இல்லை. நாய்வேளை என்பது புத்தகக்காரரின் பெயர். ஆகவே நம் சனங்கள் சட்டிக்குள் போவதை மட்டும்தான் பார்த்தார்கள், செடிக்கும் செடிக்கும் உள்ள உறவைக் காணவில்லை.

காணவில்லையாம். ஒழுங்கையில் சளி வடிய ஓடித் திரிந்த எங்களுக்கே தெரியும் அது வேளைச் சாதி என்று. மணம் கெட்ட வேளை, அதனால் குசுவேளை. பாதிப் பெயர் உறவைச் சொல்கிறது, பாதிப் பெயர் குணத்தைச் சொல்கிறது. அந்தப் பாதியை நான் வெட்கத்தில் விழுங்கினேன். என் ஒரு விழுங்கலில் ஊர்ச் சனம் முழுக்கக் குருடாகிப்போனது.

மிஸ் முடித்துவிட்டு நன்றிப் பக்கத்தைக் காட்டினா. அதில் என் பெயர் இருந்தது.

"நீங்கள் இல்லாட்டில் இந்த அதிகாரமே இல்லை, அக்கா."

அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருந்தால் மிஸ்ஸுக்கு வேலை கிடைக்கும். யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். மச்சாள்கூடச் சத்தியம் பண்ணுவா. பேசினால் நான்கு நாளில் ஒன்றும் திருத்த முடியாது. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று என்னிடம் சொல்லவேண்டாம். நான் பேசியது நல்லவள் என்பதால் இல்லை. அந்தப் பக்கத்தில் என் பெயரைக் கண்டேன், அதனால் பேசினேன்.

"மிஸ், அது எங்கடை மாட்டின்ரை பேர்."

மிஸ் விளங்காமல் சிரித்தா. நான் முழுவதையும் சொன்னேன், அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு. அந்த நேரம் பார்த்துப் பெரிய சேர் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கிழமைக்கு ஒரு தரம் வருவார். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். மிஸ், உண்மையான பெயர் என்ன என்று என்னைக் கேட்டா. சேருக்கு முன்னால் என் வாய் திறக்கவில்லை. ஒரு வெற்றுத் துண்டை எடுத்து எழுதிக் கொடுத்தேன். சேர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, துண்டை எட்டப் பிடித்து, வகுப்பில் வாசிப்பது மாதிரி உரத்து வாசித்தார்.

"குசுவேளை."

சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அதுக்கு ரெண்டு பக்கம் எழுதினனான்," என்றார் சேர்.

மிஸ் சிரிக்கவில்லை. "ஏன் அக்கா அண்டைக்கே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டா. கண் கலங்கியிருந்தது. வெட்கமாகக் கிடந்தது என்றேன். பெரிய சேர், இதை லத்தீனில் எழுதினால் ஒருவருக்கும் வெட்கம் வராது, நாறும் செடிகளுக்கு நாறுவது என்றே லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள், நாங்கள் கழுத்துப் பட்டியோடு நின்று வாசிக்கிறோம் என்றார். நல்ல பகிடிதான். ஆனால் அன்று அது யாருக்கும் உதவவில்லை. மிஸ் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டா. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஓட்டோ ஒன்றோடு வந்து நின்றா. ஒப்படைப்பைத் தள்ளிப்போடச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டாவாம். விண்ணப்ப முடிவு திகதிக்குள் முடியாது என்பது அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி அவ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வெளிக்கிடுங்கோ அக்கா. போன இடமெல்லாம் திரும்பப் போறம். நீங்கள்தான் கதைக்கப்போறீங்கள்."

முதலில் வட்டுக்கோட்டை. தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் மிஸ் செடியைக் காட்டினா. தெரியாது பிள்ளை என்றா. இந்த முறை நான் கவனித்தேன். அந்த அம்மா செடியைப் பார்க்கவே இல்லை. மிஸ்ஸின் சேலையையும் கொப்பியையும் பார்த்துத்தான் தெரியாது என்றா. துரையண்ணை மாணவிகளைப் பார்த்தது மாதிரி. மிஸ் என் முழங்கையை இடித்தா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில் இதைக் குசுவேளை என்று சொல்வது என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அந்த அம்மா புல்லைக் கீழே போட்டா.

"அட, நீங்களும் அப்பிடியே சொல்லுறனீங்கள்? நாங்கள் நாறவேளை எண்டுறது. இவ படிச்ச பிள்ளை, இவவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

அன்றைக்கு விளங்கியது, வெட்கப்பட்டது நான் மட்டும் இல்லை. குடாநாடு முழுக்கச் சேர்ந்து ஒரு கொப்பிக்கு மரியாதை காட்டியிருக்கிறது. அடுத்தடுத்த ஊர்களில் நான் முதலில் என் ஊர்ச் சொல்லைச் சொன்னேன். சொன்னவுடன் அவர்கள் தங்கள் சொல்லைத் தந்தார்கள், சில இடங்களில் போட்டிக்குத் தந்தார்கள். குருநகரில் வலை பொத்தும் பெண்கள் தந்த பெயரை நான் இங்கே எழுதவில்லை. தாளில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். பெயர்களில் பெரும்பாலானவை வேளை என்றே முடிந்தன. இரண்டு ஊரில் அப்படி இல்லை. மிஸ் அவற்றையும் விடாமல் எழுதினா. உண்மையிலேயே பெயர் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் செடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தெரியாது என்றார்கள். ஒருவர் தெரியாது என்றால், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று பாருங்கள். நான் உங்களுக்குத் தரக்கூடிய தொழில் இரகசியம் இவ்வளவுதான்.

மிஸ்ஸின் அதிகாரம் தலைகீழாக மாறியது. சனங்களுக்கு உறவு தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை என்று எழுதினா. நல்ல அதிகாரம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த வருடத்து இடம் வேறொருவருக்குப் போனது. மிஸ்ஸுக்கு அடுத்த வருடம்தான் கிடைத்தது. இடையில் தனியார் வகுப்பு எடுத்து, மழையில் சைக்கிளில் போய் வந்தா. நான் ஒருநாள் அதற்காக வருத்தம் சொல்லப் போக, அக்கா, அந்தப் பொய்யோடை நான் நிரந்தரமாகியிருந்தால் என்ன செய்திருப்பன் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா. அது ஆறுதலா கோபமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

அந்தச் சுற்றில் கடைசியாகப் போனது எங்கள் ஒழுங்கைக்கு. துரையண்ணை அதே தோட்டத்தில் நின்றார். நான் தைரியமாகவே கேட்டேன். அவர் செடியைப் பிடுங்கி எடுத்துப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"முந்திக் குசுவேளை. இப்ப பொன்னாச்சி எண்டுதான் எல்லாரும் சொல்லுறது."

நான் பதறிப்போய், அது பகிடிக்குச் சொல்வது, அதை எழுதவேண்டாம் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். மச்சாளும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, பகிடிதான், ஆனால் இப்போது வாயில் வேறொன்றும் வருகுதில்லை என்றா. பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் தெரியுமாம். ஓட்டோவில் திரும்பும் வழி முழுக்க நானும் மிஸ்ஸும் வாக்குவாதப்பட்டோம். பொய்யில் பிறந்த பெயர் என்றேன் நான். பிறந்த விதத்தையும் சேர்த்து எழுதினால் பொய் இல்லை என்றா மிஸ்.

அறைக்கு வந்ததும் பழைய துண்டைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டுவோம் என்றேன். மிஸ் விடவில்லை. பழைய துண்டைக் கிழிக்கக்கூடாது. அதற்குப் பக்கத்தில் திருத்தத் துண்டு ஒட்டவேண்டும், யார் திருத்தினார், எப்போது, ஏன் என்று எழுதி. அலுமாரியில் அப்படி எத்தனையோ தாளில் நான் ஒட்டியிருக்கிறேன், பெரிய பெரிய ஆட்களின் பிழைகள். என் பிழைக்கு ஒட்டுவேன் என்று நினைத்ததில்லை. அவ எழுதுவா என்று பேனையை நீட்டினேன். அவ வாங்கவில்லை.

உள்ளூர்ப் பெயர்: குசுவேளை. அதையும் வடிவாகத்தான் எழுதினேன். அதற்குக் கீழே: பொன்னாச்சி, அண்மைக் காலத்தில் வந்தது. திருத்தியவர் என்ற கோட்டில் என் பெயர். குறிப்பு என்ற கோட்டில் என்ன எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை எழுதுங்கோ என்று சொல்லிவிட்டு மிஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா, நான் எழுதுவதைப் பார்க்காமல் இருப்பதற்காக.

"முதல் தகவல் தந்தவர் வெட்கத்தால் பிழையாகச் சொன்னது" என்று எழுதினேன். அலுமாரியில் உள்ள அத்தனை தாளிலும் அந்த ஒரு வரியில்தான் என் எழுத்து கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்கிப் போயிருக்கிறது.